நுரையீரலுக்கு வந்து சேரும் புற்று

உடம்பின் ஓரிடத்தில் தோன்றிய நோய், அவ்விடத்தோடு யாதொரு உறவும் இல்லாததுபோல் காணப்படும் வேறோரிடத்தில் ஏன் தலைகாட்டுகிறது என்பது மருத்துவ உலகத்தை நெடுங்காலம் மயங்க வைத்த வினாவாகும். ஒரு தாயாருக்கு மார்பகத்தில் கட்டி எழுகிறது. அதனை அறுத்து அகற்றுகின்றனர். ஈராண்டு கழிகிறது. பிறகு ஒருநாள் இருமலும் மூச்சிரைப்பும் வருகின்றன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் வட்ட வட்டமாய் நிழல்கள் தெரிகின்றன. சிறுநீரகத்தில் புற்றுக் கண்டவருக்கும் இவ்வாறே நேர்கிறது. முழங்காலை அடுத்த எலும்பில் புற்றுக் கண்ட பதினாறு வயதுப் பையனுக்கும் இவ்வாறே நேர்கிறது. புறப்பட்ட இடங்கள் பல. வந்து சேரும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. இஃது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடிய மக்களின் வரலாற்றைத்தான் இவ்வாண்டு மலரில் நம் காலனி அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். மார்பகத்திலிருந்து நுரையீரலுக்கு வந்த புற்று, நுரையீரல் புற்று அன்று. அது மார்பகப் புற்றே. அந்நிழலிலிருந்து ஊசியால் சிறிது சதையை எடுத்து நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் அங்கே இருப்பவை மார்பகத்திலிருந்து வந்த உயிரணுக்கள். திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு இந்த இட்டார்சியில் முப்பதாண்டு குடியிருந்தாலும் நாம் திருநெல்வேலிக்காரர்களாகவே இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வுவமை நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் பொருள் எளிதில் விளங்கும்.

கிரேக்கர் இந்நோய்க்கு நண்டின் பெயரை வைத்தனர். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் நரம்புகள் அவர்களுக்கு நண்டின் கால்களைப்போல் தோன்றின. நம் முன்னோரோ கறையான் எழுப்பும் புற்றைக் கண்டு, நோய்க்கும் அப்பெயரையே இட்டனர். உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வெளியே தெரியாது என்னும் வகையில் நம்மவர் வைத்த பெயரே பொருத்தமானது என்பது என் கருத்து.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்று விளங்கிய கிரேக்க மருத்துவர் கேலன். (இப்பெயரைக் காலன் என்று எழுதுவாரும் உளர், மருத்துவருக்கு அப்பெயர் நம் மொழியில் பொருந்தாது.) உடலில் கரும்பித்தம் மிகுந்து ஓரிடத்தில் தேங்குவதே புற்று என்று அவர் கற்பித்தார். வாதம், பித்தம், கபம் என்று கணக்கிட்டு வந்த நமக்கு இவ்வெண்ணம் புதிதன்று. ஆனால் இக்கொள்கையில் ஒரு விளைவு மறைந்திருந்தது. நோய் உடல் முழுவதிலும் உள்ள நீரின் கேடு என்றால், மார்பகத்தில் இன்று தோன்றியதும் நுரையீரலில் நாளை தோன்றுவதும் ஒரே சேற்றில் எழும் இரண்டு குமிழிகள். ஒன்று மற்றொன்றுக்குத் தாய் அன்று. ஆகவே நோய் பயணம் செய்கிறது என்னும் எண்ணத்துக்கே இடமில்லாமற் போயிற்று. கேலன் வாக்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டு மேலைநாட்டில் வேதவாக்காக நின்றது.

பயணம் என்றால் பாதை வேண்டும். அப்பாதையைக் கண்டவர்கள் புற்றுநோயை எண்ணி அதனைத் தேடியவர்கள் அல்லர். இதயத்தின் வலப்பக்கத்திலுள்ள குருதி, நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே இடப்பக்கம் செல்வதாகக் கேலன் எழுதியிருந்தார். அவ்வாறு துளை ஏதும் இல்லை, குருதி நுரையீரலைச் சுற்றிக்கொண்டுதான் இடப்பக்கம் வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ் என்னும் அரபு மருத்துவர் எழுதிவைத்தார். ஐரோப்பா அதனைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1628ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, குருதி உடல் முழுவதும் வட்டமிட்டு வருகிறது என்பதை நூலாக வெளியிட்டார். எனினும் தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எங்ஙனம் கடக்கிறது என்பதை அவரால் கண்ணாற் காண இயலவில்லை. 1661இல் இத்தாலியரான மல்பீகி என்பார் அதனைக் கண்டார். அவர் நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது தவளையின் நுரையீரல். மயிரினும் மெல்லிய தந்துகிக் குழாய்களை மனிதன் முதன்முதல் கண்ட உறுப்பே நுரையீரல்தான் என்பது நம் கதைக்கு மிகவும் இயைந்ததாக இருக்கிறது.

இப்பாதையை நம்மவர் எளிதில் புரிந்துகொள்ளலாம். தலை முதல் கால் வரை எங்கெங்கோ ஓடிய குருதியெல்லாம் திரும்பும்போது இதயத்தின் வலப்பக்கத்துக்கு வந்து சேருகிறது. அங்கிருந்து போக ஒரே ஒரு வழிதான் உண்டு, அது நுரையீரல். வளர்ந்த ஒருவருக்கு ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் குருதி இவ்வழியே செல்கிறது. டில்லியிலிருந்து சென்னைக்குப் போனாலும், பம்பாயிலிருந்து அலகாபாத் மார்க்கமாகக் கல்கத்தாவுக்குப் போனாலும் வண்டிகள் இட்டார்சியைத் தொட்டுச் செல்வதுபோல், மார்பகம், சிறுநீரகம், எலும்பு, தைராய்டு, விரை, தோல் ஆகிய எவ்விடத்துச் சிரைக்குருதியும் நுரையீரல் என்னும் சங்ஷனைக் கடந்தே தீரவேண்டும். குடலின் குருதி மட்டும் விலக்கு. அது முதலில் கல்லீரலுக்குச் சென்று பிறகே இதயத்தை அடைகிறது. அதனாலேயே பெருங்குடற் புற்று முதலில் கல்லீரலில் தங்குவது மிகுதி. மலக்குடலின் அடிப்பகுதிக் குருதியோ கல்லீரலைத் தொடாமல் நேரே மேலே செல்லக்கூடியது. அங்கே எழும் புற்று நுரையீரலை முதலில் அடைவதும் உண்டு. லூப் லைன் கதைதான்.

பாதை தெரிந்துவிட்டது, பயணி யார் என்பது அடுத்த வினா. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் லெ டிரான், புற்று முதலில் ஓரிடத்து நோயாகவே தொடங்கி நிணநீர்க் குழாய் வழியே அக்குள் முடிச்சுகளுக்குச் சென்று பின்பு உடலில் பரவுகிறது என்று துணிந்து கூறினார். சீக்கிரம் அறுத்தால் குணமாகலாம் என்னும் நம்பிக்கைக்கு அதுவே கால்கோள். 1829இல் அதே நகரத்தைச் சேர்ந்த ரெக்காமியே என்பவர், இவ்வாறு இடம்பெயர்ந்து தோன்றும் புற்றுக்கு மெட்டாஸ்டாஸிஸ் என்று பெயரிட்டார். இடமாற்றம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. ரயில்வேயில் இருப்பவர்க்கு இடமாற்றம் என்றாலே வயிற்றைக் கலக்கும். மருத்துவமனையில் அச்சொல் அதனினும் கொடிது.

1838இல் ஜெர்மனியின் யோஹான்னஸ் முல்லர், புற்றுக்கட்டியும் உயிரணுக்களால் ஆனதே என்று காட்டினார். அவருடைய மாணவர் விர்ஷோ, ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்கும் என்னும் பெருங்கொள்கையை நிலைநாட்டியவர். அத்தகைய மேதையே இவ்விடத்தில் வழுக்கினார் என்பதுதான் வியப்பு. கட்டியிலிருந்து கசியும் ஏதோ ஒரு நீர், தூரத்திலுள்ள உறுப்பைத் தூண்டி அங்கேயும் புற்றை எழுப்புகிறது என்று அவர் எண்ணினார். அவ்வாறன்று, புற்றின் உயிரணுவே பெயர்ந்து போய்க் குடியேறுகிறது என்பதை 1860களிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் தியெர்ஷ், வால்டையர் ஆகிய இரு ஜெர்மானியர் நிறுவினர். 1869இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆஷ்வொர்த் என்னும் மருத்துவர், புற்றால் இறந்த ஒருவரின் குருதியைச் சோதித்தபோது, கட்டியில் இருந்தவற்றை ஒத்த உயிரணுக்களை அக்குருதியிலேயே கண்டு எழுதினார். பயணி வழியிலேயே பிடிபட்டான் எனலாம்.

இனி வருவது இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதி. லண்டனில் ஸ்டீபன் பாஜெட் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். அவருடைய தந்தையார் சர் ஜேம்ஸ் பாஜெட் உலகப்புகழ் பெற்றவர். மகனை அத்தனை பேர் அறியார். மகன் செய்த வேலை நம் அலுவலகங்களில் நடக்கும் ரிக்கார்டு வேலையைப் போன்றது. மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணச்சோதனைக் குறிப்புகளைத் திரட்டி, எந்த உறுப்பில் எத்தனை பேருக்குப் புற்றுப் பரவியிருந்தது என்று எண்ணினார். கல்லீரலில் 241 பேருக்குப் பரவியிருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்கு மட்டுமே. மண்ணீரலுக்கும் குருதி தாராளமாகவே பாய்கிறது. குருதியோடு எங்கும் ஒரேபோல் தூவப்படும் விதை, ஓரிடத்தில் அடர்ந்து முளைப்பதும் மற்றோரிடத்தில் முளைக்காமற் போவதும் தற்செயலாக இருக்க முடியுமா? விதை எத்திசைக்கும் பறக்கலாம், ஆனால் தனக்கு ஏற்ற நிலத்தில் விழுந்தால்தான் பிழைக்கும் என்று அவர் முடிவு கண்டார். 1889இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. விதையை மட்டும் ஆராய்கிறோம், நிலத்தை யாரும் ஆராய்வதில்லை என்பது அவருடைய குறை. ஃபுக்ஸ் என்னும் கண் மருத்துவர் தமக்கு முன்னரே இவ்வெண்ணத்தைக் கூறியிருக்கிறார் என்பதை அவரே எடுத்துக்காட்டியும் இருக்கிறார். தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று துடிப்பவர் அவ்வாறு செய்யமாட்டார்.

அரைநூற்றாண்டுக்கு மேல் அக்கட்டுரை பரணில் கிடந்தது என்றே சொல்லவேண்டும். காரணம், அமெரிக்காவில் ஜேம்ஸ் யூயிங் என்ற பேரறிஞரின் கருத்து வலுவாக நின்றது. நிலமாவது விதையாவது, எல்லாம் குழாய்க்கணக்கு என்பது அவர் கட்சி. புற்றணு ஒன்றின் குறுக்களவு பெரும்பாலும் 15, 20 மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நுரையீரல் தந்துகியின் அகலமோ ஏறத்தாழ 8 மைக்ரானுக்கு உட்பட்டது. அகலமான சரக்கு குறுகிய பாலத்தில் மாட்டிக்கொள்வதுபோல் புற்றணு அங்கே அடைபட்டு வளர்கிறது. முதலில் எதிர்ப்படும் தந்துகிக் காடு நுரையீரலாதலால் நுரையீரல் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது என்றார். 1928இல் வெளிவந்த அவருடைய நூற்பதிப்பிலும் இவ்வாதம் இடம்பெற்றது. கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறதல்லவா? ஆனால் கண்ணுக்குள் தோன்றும் கருநிறப் புற்று ஒன்று உண்டு. அதன் அணுக்களும் நுரையீரலைக் கடந்துதான் போகவேண்டும்; எனினும் அவை பெரும்பாலும் குடியேறுவது கல்லீரலில். குழாய்க்கணக்கு இங்கே உதவவில்லை.

வழக்கைத் தீர்க்கும் சான்றுகள் 1970ஆம் ஆண்டுக்குப் பிறகே திரண்டன. அமெரிக்காவில் ஐசையா பிட்லர் என்னும் அறிஞர், கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட தோற்புற்று அணுக்களை எலியின் குருதியில் செலுத்தி ஒவ்வொரு மணியும் அவை எங்கே இருக்கின்றன என்று கணக்கெடுத்தார். பெரும்பகுதி நுரையீரலில் போய் நின்றது உண்மையே. அதுவரையில் யூயிங் வென்றார். ஆனால் 24 மணி நேரத்துக்குள் அவற்றில் ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே கட்டியாக வளர்ந்தன. வந்து நிற்பது வேறு, வேரூன்றுவது வேறு என்பது தெளிவாயிற்று. 1980இல் அவரும் ஹார்ட் என்பவரும் இன்னொன்று செய்தனர். எலியின் தொடைச்சதையில் நுரையீரலின் சிறு துண்டைச் சில எலிகளுக்கும், சிறுநீரகத்தின் துண்டை வேறு சில எலிகளுக்கும் ஒட்டுப்போட்டனர். பிறகு அதே புற்றணுக்களைக் குருதியில் விட்டனர். தொடையிலிருந்த நுரையீரல் துண்டில் புற்று முளைத்தது. சிறுநீரகத் துண்டில் முளைக்கவில்லை. இடம் இரண்டுக்கும் ஒன்றே; நிலம்தான் வேறு. இட்டார்சியில் எல்லா வண்டியும் நிற்கிறது, ஆனால் இறங்கிக் குடியேறுவோர் எத்தனை பேர்? யூயிங் வண்டிகளை எண்ணினார். பாஜெட் இறங்கியவர்களை எண்ணினார்.

2005இல் வெளிவந்த ஆய்வொன்று இன்னும் ஒருபடி மேலே சென்றது. நியூயார்க்கில் டேவிட் லைடன் குழுவினர், புற்றணு நுரையீரலை வந்தடைவதற்கு முன்பே, எலும்பு மச்சையிலிருந்து புறப்பட்ட சில உயிரணுக்கள் அங்கே வந்து கூடி இடத்தைப் பண்படுத்துவதை எலிகளில் கண்டனர். மூலக்கட்டி விடுக்கும் சமிக்ஞைகளே அவற்றை அழைக்கின்றனவாம். 2015இல் அதே வழியில் வந்த மற்றோர் ஆய்வு, கட்டி வெளியிடும் நுண்ணிய பொட்டலங்களின் மேல் உள்ள புரதங்கள் எந்த உறுப்புக்குப் போவது என்பதை விலாசம்போல் தாங்கியிருப்பதாகக் காட்டிற்று. தூரத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து உறுப்பைத் தூண்டுகிறது என்ற விர்ஷோவின் எண்ணத்தில் ஓரிழை உண்மை இருந்திருக்கிறது போலும்.

நிற்க. ஆராய்ச்சிக்கூடத்தில் இவ்வாறெல்லாம் வழக்கு நடக்கையில் நோயாளிகளின் கதி என்னவாக இருந்தது?

1895இல் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த பின்னர்தான் உயிரோடு இருப்பவரின் நுரையீரலில் பரவிய புற்றைக் காண முடிந்தது. அந்நிழல்களுக்கு மருத்துவர்கள் பீரங்கிக் குண்டு என்று பெயரிட்டனர். அத்தனை உருண்டையாக இருக்கும். கண்டபின் செய்யத்தக்கது யாதொன்றும் இல்லை. நுரையீரலில் நிழல் கண்டால் கதை முடிந்தது என்பதே பொதுவிதி.

நம் நாட்டில் இந்நிழலால் இன்னொரு தொல்லையும் உண்டு. எலும்புருக்கி நோயும் நுரையீரலில் நிழல் காட்டும். புற்றுக்கு மருத்துவம் பெற்றவருக்கு எலும்புருக்கி வருவதும் உண்டு. ஆகையால் ஊசி வைத்து எடுத்துச் சோதிக்காமல் நிழலை மட்டும் கண்டு எதுவென்று முடிவு கட்டலாகாது.

இவ்விடத்தில் நம் குடியிருப்புகளில் நடப்பதைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் முன்பு குடியிருந்த வேறொரு காலனியில் ஓர் அம்மையாருக்கு மார்பகப் புற்று நுரையீரலுக்குப் பரவியது. அக்கம்பக்கத்தில் அதனை நுரையீரல் புற்று என்றே பேசினர். நுரையீரல் என்றதும் புகைதானே நினைவுக்கு வரும்? வீட்டுக்காரர் பிடித்த சிகரெட்டுதான் காரணம் என்று அவருடைய கணவர்மேல் பழி விழுந்தது. அந்த மனிதர் மனைவியைக் கவனிப்பதோடு அப்பழியையும் சுமந்தார். போதாக்குறைக்கு, காசநோய்போல் தொற்றுமோ என்று அஞ்சி அவ்வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போவதையும் சிலர் நிறுத்திக்கொண்டனர். புற்றுநோய் மூச்சாலோ தம்ளராலோ தொற்றுவதன்று. அந்த அம்மையாரோ கட்டியை ஓராண்டுக்குமேல் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். பெற்ற மகளிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். இதனைப் படிக்கும் சகோதரிகள் அப்படி இருக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். 1882இல் வியன்னாவில் வைன்லெக்னர் என்பவர், மார்புச்சுவரில் இருந்த புற்றை அறுக்கையில் நுரையீரலில் கண்ட இரு கட்டிகளையும் சேர்த்து அறுத்தார். நோயாளி விரைவில் இறந்துபோனார். துணிந்து நுரையீரலைத் திறக்கும் காலம் வர மேலும் அரைநூற்றாண்டு ஆயிற்று. 1933இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பார்னி, சர்ச்சில் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு பெண்மணிக்குச் சிறுநீரகத்தையும், அதிலிருந்து பரவிய புற்று இருந்த நுரையீரற் பகுதியையும் அகற்றினர். அப்பெண்மணி அதன்பின் 23 ஆண்டு வாழ்ந்தார். இறுதியில் அவரைக் கொண்டுபோனது இதயநோய்; புற்றன்று. இச்செய்தி அறுவை மருத்துவ உலகத்தைத் தட்டி எழுப்பிற்று. 1997இல் பல நாடுகளின் 5,206 நோயாளிகளைப் பற்றிய தொகுப்பு வெளிவந்தபோது, நுரையீரலில் பரவிய கட்டிகளை முழுமையாக அகற்றப் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தமை தெரிந்தது. இதனை எல்லார்க்கும் உரிய கணக்காகக் கொள்ளக்கூடாது. கட்டி சிலவாக இருப்பவரை, உடல்வலிமை உள்ளவரை, மூலநோய் அடங்கியவரைப் பொறுக்கி எடுத்தே கத்தி வைக்கின்றனர். அப்படிப் பொறுக்கப்பட்டவர்களில் சிலர் கத்தி இல்லாமலே சில ஆண்டு இருந்திருப்பார்களா என்ற ஐயம் இன்றும் மருத்துவரிடையே உண்டு.

மருந்தின் கதையில் நமக்கு ஓர் உறவு இருக்கிறது. 1895இல் ஆந்திர தேசத்துப் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் பரீட்சையை மூன்றாவது முறையில்தான் தேறினார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய என்போன்றோர்க்கு இச்செய்தி இனிக்கிறது. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைக்கூடத்தில் கதர் அங்கி அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் முகஞ்சுளித்தார். விளைவு, உயர்ந்த பட்டத்துக்குப் பதில் ஒருபடி தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. 1922இல் அமெரிக்கா சென்றார். ஸ்புரூ என்னும் குடல்நோயால் உடன்பிறந்தார் இருவரை இழந்தவர் அவர். அந்நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தைப் பின்னாளில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு செயற்கையாக ஆக்கிற்று. அதே குழு அவ்வமிலத்தைப்போல் உருவங்காட்டி உயிரணுவை ஏமாற்றும் பொருள்களையும் ஆக்கிற்று. பெருகத் துடிக்கும் புற்றணு, உணவென்று எண்ணி அதனை ஏற்றுப் பட்டினி கிடந்து மடியும். மெத்தோட்ரெக்ஸேட் என்பது அக்குடும்பத்து மருந்து. 1948இல் சுப்பாராவ் இறந்தார். அம்மருந்து செய்யவிருந்த பெரிய காரியத்தை அவர் பார்க்கவில்லை.

கருவுற்ற பெண்களுக்கு நஞ்சுத் திசுவிலிருந்து தோன்றும் கோரியோகார்ஸினோமா என்று ஓர் அரிய புற்று உண்டு. மற்றெதனினும் விரைந்து நுரையீரலுக்குப் பாய்வது. அங்கே குருதி கசிய வைப்பது. இளம் தாய்மார் சில மாதங்களில் இறந்துபோவர். 1950களின் நடுவில் அமெரிக்காவின் பெதஸ்டா நகரில், சீன தேசத்தில் பிறந்த மின் சியூ லீ என்பவரும் ராய் ஹெர்ட்ஸும் இந்நோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொடுத்தனர். எக்ஸ்ரே படத்தில் நுரையீரற் குண்டுகள் சுருங்கின; பிறகு மறைந்தே போயின. 1956இல் இதனை வெளியிட்டனர். பரவிவிட்ட திடப்புற்று ஒன்று மருந்தினால் மட்டும் குணமானது வரலாற்றில் அதுவே முதன்முறை.

ஆனால் லீ அவ்வளவில் நிறுத்தவில்லை. நிழல் மறைந்த பின்னும் நோயாளியிடத்தில் அப்புற்று சுரக்கும் ஒரு பொருள் சிறிதளவு தென்பட்டது. அது முற்றும் ஒழியும்வரை மருந்தைத் தொடர்ந்தார். படம் தெளிவாக இருக்கையில் நஞ்சனைய மருந்தை ஏன் கொடுக்கவேண்டும் என்று மேலதிகாரிகள் சினந்தனர். 1957இல் அவர் அந்நிறுவனத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நாளடைவில் தெரிந்தது என்னவெனில், முன்னதாக மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் மீண்டது. லீ முடிவுவரை கொடுத்தவர்களுக்கு மீளவில்லை. 1972இல் அவருக்கு லாஸ்கர் விருது அளித்துச் சிறப்பித்தனர்.

அதன்பின் 1974இல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன், பிளாட்டினத்தாலான சிஸ்பிளாட்டின் மருந்தைக் கொண்டு விரைப் புற்று நுரையீரலில் பரவிய இளைஞர்களைக் குணப்படுத்தத் தொடங்கினார். இன்று இவ்விரு நோய்களிலும் நுரையீரலுக்குப் பரவியவர்களுள்ளும் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். மார்பகம், சிறுநீரகம், பெருங்குடல் முதலியவற்றில் அவ்வளவு நற்பேறு இன்னும் கிட்டவில்லை; பலருக்கு நோயை ஆண்டுக்கணக்கில் அடக்கிவைக்க இயலுகிறது. எந்த மருந்து என்பதை நுரையீரலிலுள்ள கட்டியின் மூலஊரைக் கொண்டே முடிவு செய்கின்றனர். மார்பகத்திலிருந்து வந்ததாயின் மார்பகப் புற்றுக்குரிய ஹார்மோன் மருந்து முதலியன. தைராய்டிலிருந்து வந்ததாயின் கதிரியக்க அயோடின். அக்கம்பக்கத்தில் நுரையீரல் புற்று என்று கேட்டதை மனத்திற்கொண்டு, வேறொரு ஊரில் புது மருத்துவரிடம் போகையில் பழைய ஆப்பரேஷன் காகிதங்களையும் சோதனைச் சீட்டுகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவோரை நான் கண்டிருக்கிறேன். மூலஊரைக் காட்டுவன அக்காகிதங்களே.

நம்மவர் இங்கிருந்து சிகிச்சைக்குச் செல்வது பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு. ஒன்று 1941இல் பம்பாயில் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை. மற்றொன்று, தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அரும்பாடுபட்டு 1954இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. சிகிச்சைக்கும் மறுசோதனைக்கும் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ரயில் கட்டணம் இல்லை. துணைக்குச் செல்பவருக்கு அவ்வகுப்புகளில் நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி உண்டு. மருத்துவமனை கொடுக்கும் சான்றிதழ் உரிய படிவத்தில், முத்திரையோடு இருக்கவேண்டும். படிவம் எப்படி நிரப்பப்பட வேண்டும் என்பதில் ஐயமுள்ளோர் பகல் டியூட்டி நாட்களில் முன்பதிவு அலுவலகத்தில் என்னை வந்து காணலாம்.